ஹில்டா மவுன்ஸிக்கு நான் கொடுத்த விளக்கு

கெஸ்விக் ஊரில் மலையேற்றச் சாமான் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நெற்றி டார்ச்சைக் கையில் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இருக்கறதுலயே எது ரொம்ப வெளிச்சம்?" என்பதுதான். நானும் மேல் தட்டில் இருப்பதை எடுத்துக் காட்டுவேன். விலையும் அதற்குத்தான் அதிகம். பொய் சொல்லி விற்றதில்லை. ஆனால் கேட்காததைச் சொன்னதும் இல்லை.

கேட்காமலே சொல்கிற ஆள் ஹில்டா மவுன்ஸி. ஐம்பத்தெட்டு வயது. பள்ளத்தாக்கு முழுக்கத் தபால் கொடுக்கிறவர். காலையில் என் கடைக்குக் கடிதம் கொண்டு வந்தால் சும்மா போகமாட்டார். யாராவது வெளியூர்ப் பையன் பெரிய டார்ச்சைத் தலையில் மாட்டிக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தால், "எதுக்குப்பா இவ்ளோ வெளிச்சம்? மலை மேல கல்யாணமா நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார். எத்தனை வியாபாரத்தை அப்படிக் கெடுத்தாரோ, கணக்கே இல்லை.

அவருக்கு வாய் நீளம், சமையல் வராது, கென் என்று ஒரு புருஷன் இருந்து எப்போதோ லங்காஸ்டருக்குப் போய்விட்டான். அதைப் பற்றிக் கேட்டால் "நல்லா போனான்" என்பார். ஆனால் இருட்டில் மலையில் வழி கண்டுபிடிக்க இந்த வட்டாரத்தில் அவருக்கு இணை கிடையாது. எங்கள் ஊரில் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நாற்பத்திரண்டு உச்சிகளை ஓடித் தொட்டு வருகிற ஒரு சுற்று உண்டு. ஓடுகிறவர் ஓடினால் போதும். சோறு தண்ணி சுமப்பதும், வழி காட்டுவதும், ஒவ்வொரு உச்சியையும் தொட்ட நேரத்தைச் சாட்சியாகக் கூடப் போய் எழுதுவதும் கூட்டாளிகளின் வேலை. இரவுப் பகுதிக்கு ஹில்டா கிடைத்தால் பாதிச் சுற்று முடிந்த மாதிரி என்று நாங்கள் சொல்வோம். கூலி கிடையாது. நன்றி சொன்னால்கூட அவருக்கு எரிச்சல் வரும்.

அவருடைய டார்ச் ஒரு பழைய மஞ்சள் வெளிச்சக்காரி. நாடா இற்றுப்போய், இரவு உடுப்பிலிருந்து உருவிய எலாஸ்டிக்கைத் தைத்திருந்தார். அதைத் தலையில் மாட்டவே மாட்டார், இடுப்பில் கட்டுவார். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். மூடுபனியில் நெற்றியிலிருந்து வெள்ளை வெளிச்சம் அடித்தால் அது பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும், அடுத்த அடி தெரியாது. இடுப்பிலிருந்து அடித்தால் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழும், தரை தெரியும். இதைத் தெரிந்துகொண்டே நான் செய்ததைத்தான் இப்போது சொல்கிறேன்.

கடையில் ஒரு படம் மாட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹில்டா நெற்றியில் புது டார்ச்சோடு நிற்க வேண்டும், கீழே 'ஹில்டா மவுன்ஸி மாட்டுவது இதுதான்' என்று எழுத வேண்டும். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் சிரித்துவிட்டுப் போனார். அதனால் மார்ச் மாதம் ஓட்டக்காரர் சங்க விருந்தில், நூறு பேர் முன்னால், அவர் வழிகாட்டிய நாற்பதாவது இரவுக்குப் பரிசு என்று அதைக் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? மாட்டிக்கொண்டார். படமும் எடுத்தேன்.

ஜூன் மாதம் ரோவினா டைசன் மூன்றாம் முறையாகச் சுற்றுக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், நாற்பத்தைந்து வயது. முதல் தடவை வயிறு கெட்டுப் பாதியில் நின்றாள். இரண்டாம் தடவை முப்பத்தெட்டாவது உச்சியில் நேரம் தீர்ந்துபோனது. "இதுதான் கடைசி. இதுக்கு மேல என் முட்டி தாங்காது, வீட்டுக்காரரும் தாங்க மாட்டார்" என்று சொல்லியிருந்தாள். இரவுப் பகுதிக்கு ஹில்டா வழி, நான் மூட்டையும் பென்சிலும்.

இரவுப் பகுதி தொடங்குகிற திரெல்கெல்டில், வண்டிகள் நிற்கிற இடத்தில் ஹில்டா பழைய டார்ச்சை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன ஹில்டா, புதுசு எங்கே? நான் குடுத்தது புடிக்கலையா?" என்றேன்.

"புடிக்காம என்ன. பையில இருக்கு."

"பையில இருந்தா எப்படி? எல்லாரும் பாக்கறாங்க. எம் மானம் போகுது."

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எலாஸ்டிக்கை அவிழ்த்து, பழையதை வண்டிக்குள் போட்டுவிட்டு, புதுசை நெற்றியில் மாட்டிக்கொண்டார். "சந்தோஷமாடா?" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல்.

ரெய்ஸ் என்கிற உச்சி வரைக்கும் வானம் தெளிவு. அதற்கப்புறம் பனி இறங்கியது. ஹில்டா வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார், கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்தார். அதற்குள் கண் கூசிப்போயிருந்தது. பின்னாலிருந்து என் டார்ச் வேறு, அதே ரகம்தான், அவர் முன்னால் இருந்த பனியையெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமே தெரியல டெரிக். பால் சட்டிக்குள்ள தலைய விட்டாப்ல இருக்கு" என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடிகளை எண்ணிக்கொண்டே போனார். ஹெல்வெல்லின் உச்சியைச் சரியாகப் பிடித்தார்.

பன்னிரண்டாவது உச்சி நெதர்மோஸ்ட் பைக். மேலே தட்டையான கல்பரப்பு. அடையாளத்துக்கு வைத்த கற்குவியல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அவற்றில் ஒன்றுதான் உச்சி. ஹில்டா ஒரு குவியலின் முன்னால் நின்று கை வைத்தார். ரோவினாவும் வைத்தாள், வைத்துவிட்டு அப்படியே குனிந்து வாந்தி எடுத்தாள்.

"இதுதான்" என்றார் ஹில்டா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுதானே?" என்றார்.

நாற்பது இரவுகளில் அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

என் கைக்கடிகாரத்தில் வரைபடம் உண்டு. பார்த்தேன். உச்சி எண்பது மீட்டர் தள்ளி இருந்தது. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். ரோவினா நடுங்குகிறாள், இன்னும் அலைய வைக்கக் கூடாது என்பது ஒன்று. அதை மட்டும் நினைத்திருந்தால் என்னை நானே மன்னித்திருப்பேன். இன்னொன்று, ஹில்டா மவுன்ஸி என் டார்ச்சை மாட்டிக்கொண்டு வழி தவறினார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது. அதுதான் முதலில் வந்தது.

"இதுதான்" என்றேன். ஒன்று இருபது என்று பென்சிலால் எழுதினேன்.

மறுநாள் மாலை, சுற்று தொடங்கி முடிகிற மூட் ஹால் கதவை ரோவினா தொட்டபோது இருபத்துமூன்று மணி நாற்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. கதவில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அவளுடைய புருஷனும் அழுதார். ஐயோ, நானும் அழுதேன். எதற்கு என்று யாருக்குத் தெரியும்?

ஒன்பது நாள் கழித்து, மத்தியானம், ஹில்டா சீருடையோடு கடைக்குள் வந்தார். கையில் கடிதம் எதுவும் இல்லை.

"நேத்து லீவு. நெதர்மோஸ்ட் போயிட்டு வந்தேன்."

"சும்மாவா?"

"சும்மா இல்ல. அன்னைக்கு இறங்கும்போதே காலுக்குச் சரியாப் படல. கணக்கு உதைச்சுச்சு. நாம தொட்டது உச்சி இல்லடா. நான்தான் தப்பாக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

நான் கல்லாவில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தேன். "யாருக்கும் தெரியாது ஹில்டா. விட்டுடுங்க."

"எனக்குத் தெரியுதே" என்றார். "ரோவினாகிட்ட சொல்லப் போறேன். நீ சாட்சிக்கு எழுதினவன், கூட வா. உம் மேல தப்பில்ல, நீ நான் சொன்னதைத்தானே எழுதினே."

அவருடைய வண்டியில்தான் போனோம். வழி நெடுக அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார். வயசாயிடுச்சு, கண்ணு போயிடுச்சு, இனிமே யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன் என்றார். என் டார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் வாயைத் திறக்கவே இல்லை.

ரோவினா அடுப்படியில் மேஜை போட்டு டீ ஊற்றினாள். சுவரில் சங்கம் கொடுத்த சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஹில்டா உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவர் உதடு கோணியது.

ரோவினா எழுந்துபோய்ச் சான்றிதழைச் சுவரிலிருந்து எடுத்து மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். "சங்கத்துக்கு நானே எழுதிடறேன். அழாத ஹில்டா. நீ என்ன, வேணும்னேவா பண்ணே? அந்தப் பனியில யாரா இருந்தாலும் வழி தப்பியிருப்பாங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். சுற்றை இழந்தவள், இழக்க வைத்தவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

"அவங்க தப்பில்ல. என்கிட்ட கேட்டாங்க. என் வாட்சுல தெரிஞ்சது. நான்தான் இதுதான்னு சொன்னேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பவே தெரியுமா?" என்றாள் ரோவினா.

"தெரியும்."

"உச்சி எவ்ளோ தூரத்துல இருந்துச்சு?"

"எண்பது மீட்டர்."

"போய்ட்டு வர ரெண்டு நிமிஷம்."

"ஆமா."

"அதுக்கப்புறம் பதினாறு மணி நேரம் ஓடுனேன். முப்பது உச்சி. ஒவ்வொண்ணுலயும் நீங்க யாராவது நின்னு நேரம் எழுதினீங்க."

நான் தலையாட்டினேன்.

"எங்கிட்ட பன்னெண்டு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு, டெரிக்" என்றாள்.

ஹில்டா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் எனக்காக நிற்கவில்லை. வீடு ஆறு மைல், நடந்துதான் வந்தேன்.