அண்ணன் மெதுவாகப் பேசிய போன்

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ராயபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போவான். அவன் போனில் கரையில் நாள் முழுக்க நிற்கும் சார்ஜ், கடலில் கொஞ்சம் பேசினாலே தீர்ந்துவிடும். ஒருநாள் போனைக் கடைக்கே கொண்டுவந்தான்.

"இன்னாடா, பேட்டரிய மீன் துன்னுதா?"

"உள்ள சிக்னல் அனுப்புற பவர் ஐசின்னு ஒண்ணு கீதுண்ணா. டவர் கிட்ட இருந்தா மெதுவா பேசும், தூரமா போனா கத்தும். கத்துனா சார்ஜ் பூடும்."

பழைய ஐசி கை வைக்க முடியாமல் சுட்டது. கழற்றிவிட்டு, சார்ஜ் குறைவாக இழுக்கும் வேறொன்றைப் போட்டேன். அதன்பிறகு கடலில் சார்ஜ் நின்றது. ஆனால் அண்ணன், தான் கத்துவதைத்தான் நான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டான். நடுக்கடலிலிருந்து ரகசியம் போலப் பேசுவான்.

"பாத்தியா, கத்தாம பேசுறேன், நிக்குது."

வீட்டில் எல்லோரும் சிரிப்போம். யாரும் திருத்தவில்லை.

காற்று பெரிதாக எழுந்த ஒரு நாள், படகு கவிழ்வதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டான். லைன் அறுபடவே இல்லை. காற்றின் இரைச்சலுக்குள் மெதுவாக என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் கேக்கலண்ணா! கத்திப் பேசு!" என்று அழுதேன்.

"சார்ஜ் பூடும்டா" என்றது மட்டும் காதில் விழுந்தது.

எண்ணூர்க் கரையில்தான் அவனை எடுத்தோம்.

"கடைசியா உன்னாண்ட இன்னாடா சொன்னான்?" என்று அம்மா இன்னும் கேட்கிறாள். அந்த ஒரு வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வது?