கண் மட்டும் தெளிந்த படங்கள்

மறுநாள் காலை ஆறரைக்கு மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். என் மனைவிக்கு மேல்தாடையில் வலது பக்கம் கட்டி. எலும்பையும் அந்தப் பக்கத்துப் பற்களையும் எடுத்தாக வேண்டும், முகம் கொஞ்சம் மாறும் என்றார் டாக்டர். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று மூன்று முறை கேட்டேன். அந்தப் பக்கம்தான் அவளுக்குத் தெத்துப்பல். சிரித்தால் அதுதான் முதலில் எட்டிப் பார்க்கும். அது போவதற்குள் படமாக எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதைப்பு.

மகன் வாங்கித் தந்த மிரர்லெஸ் கேமராவில், என் பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸை ஒரு வளையம் போட்டு மாட்டியிருக்கிறேன். ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். புது லென்ஸ் முகத்துச் சுருக்கங்களை ஒன்றுவிடாமல் எண்ணிக் காட்டும். எண்ணுவதற்கு வீட்டில் நான் ஒருவன் போதாதா?

வெயில் தாழ்ந்ததும் கொல்லையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சின்னாளபட்டிச் சுங்குடி கட்டி, மல்லிகை வைத்திருந்தாள். எது தெளிகிறதோ அதன் விளிம்பைக் கேமராத் திரை சிவப்பாகக் காட்டும். அதுவோ முகத்தை விட்டுவிட்டுச் சேலையின் வெள்ளைப் புள்ளிகளையெல்லாம் சிவப்பாக்கியது.

"செத்த நேரம் அசையாம இரு."

"அசையிறது நானா, உங்க கையா? பாஸ்போர்ட் படம் எடுக்கிறவன் இந்நேரம் பத்துப் பேரை அனுப்பிருப்பான்."

சொல்லிவிட்டு அவளே அண்ணாந்து சிரித்தாள். அமுக்கினேன்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டுப் படம் எடுக்கல."

மறுபடி சிரிப்பு. பின்னாலிருந்த வாழைகள் கரைந்துபோக, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவைத்து, கண்ணிலேயே ஃபோகஸை நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். முகத்தை எடுத்தால் கண் தெளிய வேண்டும். அப்படித்தான் எனக்குப் பழக்கம். முப்பத்தெட்டுப் படம்.

விளக்குப் போட்டபின் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். இமைமுடியை எண்ணலாம், கண் அத்தனை தெளிவு. ஆனால் அவ்வளவு திறந்த லென்ஸில் தெளிவு ஒரு விரற்கடைக்குமேல் நிற்காது. அவள் அண்ணாந்து சிரித்ததில் கண் பின்னால் போய், வாய் முன்னால் வந்துவிட்டது. தெத்துப்பல் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தீற்றல். முப்பத்தெட்டையும் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை.

காலையில் மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பர்ச்சரை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எட்டில் கண்ணும் வாயும் சேர்ந்தே தெளியும்.

"ஒரே ஒரு படம். சிரி."

முயன்று பார்த்தாள். உதடு ஒரு பக்கம் இழுத்து அப்படியே நின்றுவிட்டது.

"வர மாட்டேங்குது" என்றாள். "நேத்து அம்புட்டுச் சிரிச்சேனே, அப்ப என்ன பண்ணீக?"

மகன் ஹாரன் அடித்தான்.

கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சின்னாளபட்டி போயிற்று. கொடைரோடு போயிற்று. அவளைச் சிரிக்கவைக்க மகன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். ஃபோகஸ் வளையத்திலிருந்து விரலை எடுக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிப்பட்டி தாண்டியதும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.