தேர்வுப் பட்டியலில் இல்லாத பெண்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிறர் கடிதங்களைத் தட்டியே ஆங்கிலம் பழகி, தி.நகரில் சொந்தமாகத் தட்டச்சுக் கடை வைத்தேன். அறுபது வயதில் இன்டர்நெட் மையத்தில் உட்கார்ந்து பாடம் படித்து, ஆபீஸ் கடிதங்களைக் கம்ப்யூட்டரில் அமைக்கக் கற்றேன். இதை எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு கம்பெனி, இன்டர்வியூவுக்கு வந்தவர்களின் பட்டியலை முடிவுகளோடு தந்து, தேர்வானவர், ஆகாதவர் எல்லோருக்கும் கடிதம் கேட்டது. புதிதாகப் படித்தபடி பெயர்களை அகர வரிசையில் அடுக்கினேன். பெயரும் முகவரியும் இடம் மாறின. பக்கத்துக் கட்டத்திலிருந்த தேர்வு முடிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பார்க்காமலே அச்சிட்டு அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் அந்தக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார், போனேன். நங்கநல்லூர்ப் பெண் ஒருத்தி, வேலை கிடைத்ததாக நான் அச்சிட்ட கடிதத்தோடு நின்றாள்.

"என்ன பெரியவரே, இவங்க செலக்ட்டே ஆகலியே?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சு சார்" என்றேன், கூசாமல்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "நேத்தே பழைய வேலைய விட்டுட்டேனே சார். இப்ப நான் எங்க போறது?"

திருத்தக் கடிதங்களை அன்றே அனுப்பிவிட்டு, அவளோடு மயிலாப்பூர் போய், அவளுடைய பழைய முதலாளியிடம் தப்பு என்னுடையது என்றேன்.

"இவ்ளோ வயசாச்சு, லிஸ்ட்ட ஒரு வாட்டி பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவளைச் சேர்த்துக்கொண்டார். அவள் நேராக உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது மூலப் பட்டியலை இன்னொருவரை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு கடிதத்தையும் அதோடு ஒப்பிட்ட பிறகே உறையில் இடுகிறேன். பிழை நேர்ந்தால் கம்ப்யூட்டரைச் சொல்வதில்லை, என்னைச் சொல்கிறேன்.