நேசமலர் சொல்லாத வசனம்

கொழும்பில் நேசமலரின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். குரலைத் தெரிந்தவர்களோ நாடு முழுக்க இருந்தார்கள். ஹட்டனில் தேயிலைத் தோட்ட லயத்து அறையில் இருப்பவளும், மூதூரில் மீன்பிடிக்கப் போகிறவனின் மனைவியும், விலை குறைந்த பட்டன் போனில் நான்கு எண்களை அழுத்திக் காதில் வைத்தால், "தங்கச்சி, நீங்களும் பிள்ளையும் சுகமா?" என்று அவள்தான் கேட்பாள். வணக்கம் என்றால் சிலருக்கு ஒட்டாது, ஸலாம் என்றால் வேறு சிலருக்கு ஒட்டாது. அதனால் 'தங்கச்சி' போதும் என்று அவள் முடிவெடுத்திருந்தாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் அவளும் கணவர் நாகேந்திரமும் குடியிருந்தார்கள். அவர் காப்புறுதிக் கம்பனியொன்றில் கணக்காளர். அவள் வேலை செய்தது பம்பலப்பிட்டியில், கைத்தொலைபேசிகளுக்கு வேண்டியதையெல்லாம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில். ஆரம்பத்தில் அங்கே ரிங்டோன் செய்தார்கள், நாள் பலன் அனுப்பினார்கள், கிரிக்கெட் ஸ்கோர் அனுப்பினார்கள். மலிவான போன்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகத்தான் விழும். அதனால் தமிழ்ச் செய்தியை ஆங்கில எழுத்தில் அடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கு எடுக்கப்பட்டவள்தான் நேசமலர். அடித்து அடித்து அலுத்துப்போய் ஒருநாள், "இதை ஆர் வாசிக்கப்போயினம்? பேசாமல் குரலாய்க் குடுப்பம்" என்று அவள் சொன்னதிலிருந்துதான் 'தொட்டில்' பிறந்தது.

தொட்டில் பெரிய விஞ்ஞானமில்லை. பிள்ளை பெற்ற பெண் அந்த இலக்கத்தை எடுத்து, பிள்ளைக்கு எத்தனை மாதம் என்பதை அழுத்தினால், அந்த வயதுக்கு வேண்டிய ஆலோசனை ஒரு நிமிடம் ஒலிக்கும். எப்போது ஊசி, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, என்னென்ன அடையாளம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சுகாதாரப் பகுதியினர் சரிபார்த்த விடயங்களைத்தான் அவள் பேச்சுத் தமிழுக்கு மாற்றினாள். கம்பனியின் புரோகிராமர் ரிப்கான், கொட்டாஞ்சேனைப் பையன், மலிவான ஸ்மார்ட்போன்களுக்கென்று அதையே ஒரு செயலியாகவும் செய்தான். ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா இல்லாமலும் ஓடும்.

பார்க்கிறவர்களுக்கு இலேசான வேலை போலத் தெரியும். கடலோரத் தண்டவாளத்தை ஒட்டிய கட்டடம் என்பதால், ரயில் போகும்போதெல்லாம் ஒலிப்பதிவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மலிவான போனின் ஸ்பீக்கரில் சில சொற்கள் கரைந்துபோய்விடும். அப்படிப்பட்ட சொல்லைத் தூக்கிவிட்டு வேறு சொல் தேட வேண்டும். யாழ்ப்பாணத்தாள் சொல்லும் சொல் மலையகத்தாளுக்கு விளங்க வேண்டும், கல்முனையில் இருப்பவளுக்கும் விளங்க வேண்டும். அதற்காகவே நேசமலர் ஒவ்வொரு புதிய ஒலிப்பதிவையும் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு தாய்சேய் கிளினிக்குக்குப் போவாள். வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும் பெண்களிடம் போனைக் கொடுத்து, கேட்டுவிட்டு என்ன விளங்கியது என்று சொல்லச் சொல்வாள். விளங்காவிட்டால் திரும்பிப் போய் மாற்றுவாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் கதைப்பதுமில்லை.

அந்த கிளினிக்கில்தான் அவளுக்கு ஸமீமாவைப் பழக்கம். முதல் பிள்ளைக்காரி. தாயும் தங்கைமாரும் புத்தளத்தில். கணவன் ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் லொறி ஓடுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். தொட்டிலின் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு மூன்று தடவை கேட்பாள். அன்று காலை நேசமலர் போனபோது, ஸமீமா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாடிப்போய்க் கிடந்தது.

"என்னம்மா, பிள்ளைக்கு?"

"வயித்தால போகுது மிஸ். பால்மா ஒத்துக்கொள்ளல்ல போல."

"பால்மாவோ? இப்பதானே மூண்டு மாசம். ஏன் குடுத்தனீங்கள்?"

ஸமீமா அவளை விளங்காமல் பார்த்தாள். "நீங்கதானே மிஸ் குடுக்கச் செல்லினீங்க."

"நானோ?"

"ஓ மிஸ். போன்ல. நீங்க செல்லினதாலதான் மாறின. இல்லாட்டி நான் மாறுவனா?"

அவள் தன்னுடைய பட்டன் போனை எடுத்து இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். நேசமலரின் குரல் வந்தது. "தங்கச்சி, நீங்களும் பிள்ளையும் சுகமா? பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதா? இனித் தாய்ப்பால் மட்டும் போதாது. பகலில் இரண்டு தடவை பால்மா கரைத்துக் கொடுங்கள். பிள்ளை நன்றாக உறங்கும்." அதற்குப் பிறகு ஒரு பால்மாவின் பெயர்.

இந்த வசனத்தை நேசமலர் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் குரல் அவளுடையதுதான். மூச்சு எடுக்கும் இடம்கூட அவள் எடுக்கும் இடம். தன் வாய்க்குள் வேறு யாரோ கையை விட்டு நாக்கை ஆட்டியது போல அவளுக்கு உடம்பு கூசியது. வாங்கிலிருந்த மற்றப் பெண்களைப் பார்த்தாள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி தகரப் பேணியில் பால்மா வாங்கி வைத்துவிட்டாளாம், இன்னும் உடைக்கவில்லையாம்.

"உடைக்காதேங்கோ," என்றாள் நேசமலர். "நான் அதைச் சொல்லேல்லை. அது நான் இல்லை."

சொன்னபோதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று அவளுக்கு விளங்கியது. ஸமீமாவை உள்ளே மிட்வைஃபிடம் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, ஓட்டோ பிடித்து நேரே கம்பனிக்குப் போனாள்.

ரிப்கான் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டான்.

"ரிப்கான், என்ர குரலை என்ன செய்தனீங்கள்?"

அவன் நடந்ததைச் சொன்னான். பழைய ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் துப்புரவாக்கித் தரும்படி மனேஜர் பிரதீஸ் கேட்டிருக்கிறான். அதைக் கொண்டு கணினியில் ஒரு குரல் செய்து பார்க்கப் போகிறோம், சும்மா பரிசோதனைக்குத்தான் என்று சொல்லியிருக்கிறான். "செஞ்சு குடுத்தது நான்தான் அக்கா. லைவ்ல போடுவாங்க எண்டு எனக்குத் தெரியா. தெரிஞ்ச பொறகும் உங்களிட்டச் செல்லப் பயந்துட்டன்."

அவனைத் திட்ட அவளுக்கு நேரம் இருக்கவில்லை. பிரதீஸின் கதவைத் தட்டாமலே திறந்தாள். அவனும் தமிழன்தான், வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"இருங்கோ அக்கா. நானே உங்களோட கதைக்க இருந்தனான்."

"நான் இருக்க வரேல்லை. அந்தப் பால்மாச் செய்தியை இப்ப எடுங்கோ."

"அது ஸ்பொன்சர் அக்கா. அவையள் இல்லாட்டித் தொட்டிலை நடத்தேலாது. இந்த மாசம் முடிய எடுத்திடுவம்."

"அதை என்ர குரலில ஏன் போட்டனீங்கள்?"

"அது உங்கட குரல் இல்லையே. கம்ப்யூட்டர் செய்த குரல். நீங்கள் கம்பனிக்காகக் கதைச்சது, கம்பனியிட சொத்து. அதில இருந்துதான் செய்தது."

அவன் கோபப்படவே இல்லை. அளவு பிழையான காற்சட்டையை மாற்ற வந்த வாடிக்கையாளரிடம் கடைக்காரன் பேசுவது போலப் பேசினான். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"சிங்களத் தொட்டில் லைனிலயும் இதைப் போட்டனீங்களோ?"

பிரதீஸ் பேனாவை மூடினான். "இல்லை."

"ஏன்?"

"அது உங்களுக்குத் தெரியும்தானே அக்கா. சிங்களத்தில போட்டா அடுத்த நாளே சுகாதார ஒபிசில ஆரும் கேட்டுப்போட்டுக் கூப்பிடுவாங்கள். தமிழை ஆர் இருந்து கேக்கினம்?"

இவ்வளவு வருடமாக, தமிழ்ப் பெண்களுக்கு அவர்கள் பாஷையில் ஏதாவது போய்ச் சேர வேண்டும் என்று ரயிலுக்கும் மின்வெட்டுக்கும் இடையில் இருந்து அவள் பேசிச் சேர்த்தது எல்லாம், யாரும் கண்காணிக்காத ஒரு பின்வாசலாக அவனுக்குப் பயன்பட்டிருக்கிறது.

"கேக்கிற சனம் இருக்குது பிரதீஸ். கேட்டுத்தான் குடுத்திருக்குதுகள். ஒரு பிள்ளை அங்க வயித்தோட்டத்தில கிடக்குது."

"ஒரு பிள்ளைக்கு வயித்தோட்டம் வந்தா அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். உங்களுக்குப் பிள்ளை வளத்த பழக்கம் இல்லைத்தானே அக்கா, அதுதான் இப்பிடிப் பதறுறியள்."

பதில் சொல்லத் தொடங்கினால் குரல் உடையும் என்று அவளுக்குத் தெரிந்தது. உடைந்த குரலை அவனுக்குக் காட்ட அவள் விரும்பவில்லை.

வெளியே வந்து ஒலிப்பதிவு அறைக்குள் போனாள். ரிப்கான் பின்னால் வந்து கதவடியில் நின்றான்.

"மைக்கைப் போடுங்கோ," என்றாள்.

எழுதி வைத்துக்கொள்ளாமலே பேசினாள். "தங்கச்சி, நீங்களும் பிள்ளையும் சுகமா? நான் நேசமலர். இது என்ர சொந்தக் குரல். பால்மா குடுக்கச் சொல்லி இந்த நம்பரில வந்த செய்தியை நான் சொல்லேல்லை. அது என்ர குரல் மாதிரி மெசின் செய்த குரல். பிள்ளைக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலே காணும், வேற ஒண்டும் வேண்டாம். பால்மா குடுக்கத் தொடங்கியிருந்தா, உங்கட மிட்வைஃப் மிஸ்ஸிட்டப் போய்க் கதையுங்கோ. உங்களில ஒரு பிழையும் இல்லை. பிழை எங்களில."

கேட்டு முடித்த ரிப்கான் கணினியின் முன் உட்கார்ந்தான். "இதை எல்லா மாசத்துக்கும் முன்னால போடுறன் அக்கா. செயலிக்குள்ளயும் போகும். அவங்க பாஸ்வேர்டு மாத்துற வரைக்கும் ஓடும்."

"உங்கட வேலை போகும்."

"போகட்டும். என்ட கையாலதானே அதையும் செஞ்ச."

மத்தியானம்வரை ஓடியது. அதற்குள் தொட்டிலை எடுத்த அத்தனை பெண்களும் அதைக் கேட்டார்கள். சிலர் போனின் முன்னால் இன்னொரு போனை வைத்துப் பதிந்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். பிரதீஸ் கண்டுபிடித்து நிறுத்தியபோது, அது மட்டக்களப்புவரை போய்விட்டிருந்தது. அன்றைக்கே இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். கம்பனியின் பெயரைக் கெடுத்ததற்கு வழக்குப் போடுவோம் என்றும் சொன்னார்கள்.

வீட்டில் நாகேந்திரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு லீவு போடுறன். முறைப்பாடு குடுக்க ரெண்டு பேருமாப் போவம்" என்றார். அவர் இப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

சுகாதாரப் பகுதி அலுவலகத்தில் முறைப்பாட்டை எடுத்த அதிகாரி மரியாதையான மனிதர். பால்மாவுக்கு அப்படி விளம்பரம் செய்வதே சட்டத்துக்குப் புறம்பு என்று அவரே சொன்னார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, அந்தக் கந்தோரில் அன்றைக்குத் தமிழ் தெரிந்த யாரும் இருக்கவுமில்லை. அதனால் நேசமலர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கூட வந்திருந்த ரிப்கான் தன் போனில் பதிந்து வைத்திருந்ததைப் போடப் போட, தன் குரல் சொன்ன பொய்யை வசனம் வசனமாகத் தானே சிங்களத்தில் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். ஓரிடத்தில் தலை நிமிர்ந்து, குரல் உங்களுடையது போலவே இருக்கிறதே, நீங்கள்தான் பேசவில்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரிப்கான் முன்னால் வந்து, அந்தக் குரலைச் செய்து கொடுத்தவன் தான்தான் என்று தன் பெயரையும் எழுதக் கொடுத்தான்.

விளம்பரம் நின்றது. கம்பனிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. வழக்குப் பேச்சு அத்தோடு அடங்கிவிட்டது. ஆனால் கூடவே தமிழ்த் தொட்டிலையும் திருத்த வேலை என்று சொல்லி மூடிவிட்டார்கள். சிங்களத் தொட்டில் ஒருநாள்கூட நிற்காமல் ஓடியது. குற்றம் செய்தவன் ஒருவன், காது அடைக்கப்பட்டது கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு. அந்த மாதங்களில் நேசமலர் அதே கந்தோருக்குத் திரும்பத் திரும்பப் போனாள். காவலாளிக்கு அவள் பெயர் பாடமானது. போகும்போதெல்லாம் கிளினிக்கிலிருந்து இரண்டு மூன்று தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் கந்தோருக்குள் அழுதன. அழட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

கடைசியில் சுகாதாரப் பகுதியினர் தமிழ்ச் சேவையைக் கம்பனியிலிருந்து பிரித்து, கொட்டாஞ்சேனையில் பெண்களுக்காக வேலை செய்யும் ஒரு சங்கத்திடம் கொடுத்தார்கள். சங்கம் நேசமலரையும் ரிப்கானையும் எடுத்தது. யாருடைய குரலையும் அந்த ஆள் கேட்டுச் சம்மதிக்காமல் வேறெதற்கும் எடுப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே அவள் எல்லார் வாயாலும் சொல்ல வைத்தாள். இப்போது அங்கே முஸ்லிம் பெண் ஒருத்தியும் மலையகப் பெண் ஒருத்தியும் சேர்ந்து பேசுகிறார்கள். ஸமீமாவின் பிள்ளைக்கு வயிறு சுகமாகிவிட்டது. மிட்வைஃப் பொறுமையாக இருந்து, வற்றிப்போயிருந்த தாய்ப்பாலைக் கொஞ்சம் திரும்பக் கொண்டுவந்தாள், முழுக்க வரவில்லை. ஸமீமா போனில் வரும் எதையும் இப்போது உடனே நம்புவதில்லை. கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் செய்கிறாள். நேசமலரின் குரலைக்கூட அப்படித்தான். அது நேசமலருக்கு வலிக்கிறது, ஆனால் குறை சொல்ல முடியவில்லை.

பிரதீஸை அவள் அண்மையில் வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் கண்டாள். வேறொரு கம்பனியில் இதைவிடப் பெரிய பதவியில் இருக்கிறானாம். வாகனக் கண்ணாடியை இறக்கிச் சிரித்தான்.

"எப்பிடி அக்கா சுகம்? இன்னும் என்னில கோவமோ?"

"ஓம்," என்றாள் நேசமலர்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், "பழைய கதைதானே அக்கா" என்றான்.

"உமக்குப் பழசு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் பேணிப் பால்தான்."

பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்தது. அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான். நேசமலர் மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வீதியைக் கடந்தாள்.