கம்பி நண்டும் சாவிப் பொம்மையும்

எங்கள் வீட்டில் அந்தப் போட்டி ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து பகல் சோறு சாப்பிட்ட கையோடு நடந்தது. ஒரு பக்கம் சாச்சா, மறுபக்கம் என் மூத்த சகோதரி ராத்தா. எனக்கு அப்போது ஏழு வயது. நடுவர் நான்தான் என்று நானே தீர்மானித்திருந்தேன்.

சாச்சா வாப்பாவின் தம்பி. பள்ளிவாசல்துறையில் படகு இஞ்சின் திருத்துகிறவர். பல்சக்கரத்தை நம்புவார், வயரை நம்பமாட்டார். "உப்புக் காத்து வயரத் தின்னுடும்" என்பார். அதே காற்று இரும்பையும் தின்னும் என்று வாப்பா சொன்னால் அவருக்குக் காது கேட்காது. அவர்தான் புத்தளத்திலிருந்து ஒரு தகரப் பொம்மையை வாங்கி வந்தார். முதுகிலுள்ள சாவியை முறுக்கிவிட்டால், கிர்கிர் என்று பட்டாளத்துக்காரன்போல ஒரே அளவாக அடி வைத்து நடக்கும். சுருள்வில் தளர்ந்ததும் நின்றுவிடும்.

அது என் தம்பிக்காக வாங்கியது. மூன்று வயதை நெருங்கியும் தம்பி நடக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் காலை மடக்கிக்கொள்வான். காலில் கோளாறு இல்லை, பயம்தான் என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தவழ்வதில் அவனை வெல்ல எங்கள் ஊரில் ஆள் இருக்கவில்லை. பொம்மை நின்ற இடத்துக்குத் தவழ்ந்து போவான், அதை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவான்.

ராத்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயர்தர வகுப்பில் தொழில்நுட்பம் படித்தவள் அவள். உடைந்த விளையாட்டுக் காரிலிருந்து இரண்டு மோட்டார்களைக் கழற்றி, சைக்கிள் கம்பியை வளைத்துக் கால்கள் செய்து, பழைய போன் பேட்டரியை முதுகில் கட்டினாள். முகமே இல்லாத பிராணி. முன்னால் மீசைபோல இரண்டு மெல்லிய கம்பிகள். அவை எதிலாவது தட்டினால் பின்வாங்கித் திரும்பி வேறு வழியில் போகும். நாங்கள் அதை நண்டு என்றோம்.

"இது நடக்குதா, நொண்டுதா?" என்று சிரித்தார் சாச்சா.

"லேசில நிக்காது சாச்சா. அது போதும்," என்றாள் ராத்தா.

நான் "ஒண்டு, ரெண்டு, மூணு" சொல்ல, இரண்டும் புறப்பட்டன. பொம்மை விறுவிறுவென்று முந்தியது. நான் கைதட்டினேன். ஆனால் அது பாயின் ஓரத்தில் கால் தடுக்கிக் குப்புற விழுந்து, விழுந்த பிறகும் வெறும் காற்றில் அடி வைத்துக்கொண்டிருந்தது. நண்டு தடுமாறித் தடுமாறிப் பாயில் ஏறியது. தம்பி வழக்கம்போலப் பொம்மையை எடுத்தான். நண்டு அவனைக் கடந்து போனது. பொம்மையைப் போட்டுவிட்டு அதன் பின்னால் தவழ்ந்தான். நண்டு வாப்பா உட்காரும் கதிரைக்கு அடியால் புகுந்து மறுபக்கம் போய்விட்டது. அவனால் புக முடியவில்லை. கதிரையைப் பிடித்து எழும்பி எட்டிப் பார்த்தான். நண்டு போய்க்கொண்டே இருந்தது.

தம்பி கதிரையை விட்டான். ஓரடி வைத்தான். பிறகு இன்னொன்று. நண்டைப்போலவே, ஆடி ஆடி.

"சாச்சா தோத்துட்டார்!" என்று நான் கத்தினேன்.

"சத்தம் போடாதீங்க மகள்," என்றார் சாச்சா, மூச்சு விடுகிற குரலில். நண்டு சுவரில் தட்டித் திரும்பி வந்தபோது தம்பி அதன்மேலேயே விழுந்து சிரித்தான். ராத்தா ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டாள். வாப்பா முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற உம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

யார் வென்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. உம்மா அழுவது சாச்சாவின் பொம்மை விழுந்துபோனதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் அவரது கையைப் பிடித்தேன்.

"அழாதீங்க உம்மா. அதுக்கு ஒண்டும் ஆகல்ல. சாவி குடுத்தா திரும்ப நடக்கும்."

உம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார்.