மீன் கழுவிய தண்ணீர்

மீன் கழுவிய தண்ணீரைப் பல்கனிச் சாடியிலிருக்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். அந்த வாடை என்னை, சுனாமிக்குப் பிறகு நாங்கள் இருந்த கல்முனைத் தகரக் கொட்டிலில் கொண்டுபோய் நிறுத்தியது.

மூத்தவளான ராத்தாவைச் சுனாமி கொண்டுபோனது. அடக்க மையித்துக்கூடக் கடலிலிருந்து கிடைக்கவில்லை. அதன்பிறகு உம்மா மீனைத் தொடவில்லை. நிவாரண வாளியில் நட்டிருந்த கறிவேப்பிலைக்கு, மற்ற வீடுகளைப் போல மீன் தண்ணீர் ஊற்றாமல், அரிசி கழுவிய தண்ணீரையே ஊற்றினாள். அது குச்சியாகவே நின்றது.

யுத்தம் முடிந்த அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். வாப்பா கீரிமீன் வாங்கிவந்தார்.

“எல்லாம் முடிஞ்சிட்டு புள்ள. இனியாவது ஆக்கேன்.”

உம்மா கழுவி ஆக்கினாள். நாங்கள் சாப்பிட்டோம், அவள் சாப்பிடவில்லை.

“மீன் தண்ணிய வாளிக்கு ஊத்தவா உம்மா?” என்று கேட்டேன்.

“வேணாம் மகள். அதுக்கும் வேணாம்.” மணலில் கொட்டினாள்.

என் செடி செழித்து நிற்கிறது. உம்மா வந்தால் அதில் கிள்ளமாட்டாள், கறிக்கு இலையைக் கடையில்தான் வாங்குவாள்.