மூன்று நாளுக்கு அரபியில் என்ன

எதையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும் மூளை எனக்கு. தற்பெருமை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். வீடு சித்தூரில், ஆஸ்பத்திரி வேலை திருப்பதியில். குவைத்தில் நர்ஸ் வேலைக்கு மனுப் போட்டபோது, வீடியோ இன்டர்வியூவை அரபியில்தான் நடத்துவோம் என்றார்கள். என் இரண்டு பெண்களின் மேல்படிப்பு அதை நம்பித்தான் இருந்தது.

பலமனேர்க்காரப் பெண் ஒருத்தி டியூஷன் எடுத்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அரபி எண்கள் வீம்பு பிடித்தவை என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இரண்டு என்றால் தனியாக எண் வேண்டாம், பொருளின் பெயரிலேயே வாலாக ஒட்டிக்கொள்ளும். மூன்று முதல் பத்து வரை எல்லாம் தலைகீழ்: ஆண்பால் பெயருக்கு எண் பெண்பால் வடிவம் எடுக்கும், பெண்பால் பெயருக்கு ஆண்பால் வடிவம். பதினொன்றிலிருந்து பெயர் ஒருமைக்குத் திரும்பிவிடும், நாம் 'இருபது மாடு' என்பதுபோல. ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டேன்.

என் சிக்கல் வேறு. எங்கள் பக்கத்தில் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும், எண் வந்தால் நாக்கு இங்கிலீஷுக்குத் தாவிவிடும். தக்காளி கிலோ ஃபார்ட்டி, பஸ் எய்ட் தர்ட்டிக்கு. அரபியிலும் அதே கதைதான்.

"இன்னாக்கா நீ, ரூல்ஸ் எல்லாம் கரெக்டா சொல்ற. நம்பர் வந்தா மட்டும் இங்கிலீஷ்ல பேசிக்கினு கீற?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்டர்வியூல அதெல்லாம் வராது, நீ பாத்துக்கினே இரு" என்றேன்.

வந்தது. திரையில் இருந்த அம்மாள் பி.பி. கருவியின் படம் ஒன்றைக் காட்டி, படிக்கச் சொன்னார். "ஒன் தர்ட்டி பை எய்ட்டி" என்றேன், கணீரென்று. மார்க் போட்டுக்கொண்டிருந்த பேனாவை அவர் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அரபியில் கேட்டார்: "நான் நோயாளியின் தாய். என் மகன் எத்தனை நாளில் வீட்டுக்கு வருவான்?"

வார்டில் தினமும் என் காதில் விழும் கேள்வி. "எத்தினி நாளும்மா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். டாக்டரிடம் த்ரீ டேஸ் என்பேன். பெற்றவளிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, மூணு நாள் என்றுதான் வரும்.

"ஸலாஸத்து அய்யாம்" என்றேன். மூன்று நாள். நாள் ஆண்பால், எண் பெண்பால், எல்லாம் யோசிக்காமலே வந்தது. 'அழாதீங்க' என்பதற்கு மட்டும் அரபி தெரியவில்லை. அதைத் தமிழிலேயே சொன்னேன்.

அவர் பேனாவை எடுத்தார்.